'கரோனர்' கதைகளை நம்ம ஊரில் எழுத முடியாதா? திருத்தங்கலில் சந்தேக மரணம் நடந்தால் விசாரிப்பது யார்?

ஒரு சாவு. 'தற்கொலைதான்' என்று போலீஸ் ஃபைலை மூடப் போகிறது. அப்போது ஒருவர், "இருங்க, நான் இன்னும் முடிக்கல" என்கிறார். அவர் போலீஸ் இல்லை, துப்பறியும் நிபுணரும் இல்லை. ஆனால் சாட்சிகளைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேள்வி கேட்கும் அதிகாரம் அவருக்கு உண்டு. அவர்தான் கரோனர், அதாவது மரண விசாரணை அதிகாரி.

ஆங்கில க்ரைம் நாவல்களில் இவர்களுக்கென்றே தனி வரிசை இருக்கிறது. எம்.ஆர். ஹால் 2009-ல் எழுதிய 'தி கரோனர்' அதில் ஒன்று. நாயகி ஜென்னி கூப்பர் ஒரு வக்கீல். புதிதாகக் கரோனர் பதவிக்கு வருகிறவர், தனக்கு முன்பு இருந்தவர் கிடப்பில் போட்ட ஃபைல்களைப் புரட்டுகிறார். காவலில் இறந்துபோன ஒரு சிறுவனின் ஃபைல் அதில் கிடக்கிறது. கதை அங்கிருந்து சூடு பிடிக்கும். இதையே கனடாவில் டிவி தொடராக எடுத்தபோது (2019 முதல் 2022 வரை) ஜென்னியை டாக்டராக மாற்றிவிட்டார்கள். காரணம் சட்டம்தான். இங்கிலாந்தில் வக்கீல் கரோனர் ஆகலாம், கதை நடக்கும் ஒன்டாரியோ மாகாணத்திலோ டாக்டர்தான் ஆக முடியும்.

பாட்ரிசியா கார்ன்வெல் எழுதிய கே ஸ்கார்பெட்டா நாவல்களும் (முதல் நாவல் 1990-ல் வந்தது) இதே ரகம்தான். ஆனால் ஸ்கார்பெட்டா கரோனர் இல்லை, 'மெடிக்கல் எக்ஸாமினர்'. உடலை அறுத்துப் பார்த்து மரணத்துக்கான காரணத்தைச் சொல்லும் அரசு டாக்டர்.

தமிழ்ல்? சுஜாதாவின் கணேஷ்-வசந்த் வக்கீல்கள். தமிழ்வாணனின் சங்கர்லால் துப்பறிவாளர். ராஜேஷ்குமாருக்கு விவேக், பட்டுக்கோட்டை பிரபாகருக்கு பரத்-சுசீலா, சுபாவுக்கு நரேந்திரன்-வைஜயந்தி. பிணவறை டாக்டர் இரண்டு பக்கம் வந்து ரிப்போர்ட்டைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். இதற்கு எழுத்தாளர்களைக் குறை சொல்ல முடியாது. அப்படி ஒரு பதவியே இங்கு கிடையாது.

முன்பு இருந்ததா?

இருந்தது. பிரிட்டிஷ் ஆட்சியில் சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய நகரங்களில் கரோனர்கள் இருந்தார்கள். சென்னையில் 1889-லேயே தனிச் சட்டம் போட்டு அந்தப் பதவியை எடுத்துவிட்டார்கள். பம்பாயில் 1999 வரை நீடித்தது. ஆக, ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் தமிழ்நாட்டில் கரோனர் இல்லை. இலங்கையில் இன்றும் 'திடீர் மரண விசாரணை அதிகாரி' இருக்கிறார், யாழ்ப்பாணச் செய்திகளில் அடிக்கடி அடிபடும் பெயர். சிங்கப்பூரில் மரண விசாரணைக்கென்றே நீதிமன்றம் உண்டு.

இங்கிலாந்தில் இந்தப் பதவி 1194-ல் உருவானபோது நோக்கம் நியாயம் இல்லை, வசூல். மன்னருக்கு வரவேண்டிய பணம் கைமாறிப் போகாமல் பார்ப்பதுதான் வேலை. சாவு நடந்தால் அபராதம், புதையல் கிடைத்தால் அரசுக்குப் பங்கு. இன்றைக்கும் அங்கே புதையல் கிடைத்தால் கரோனர்தான் விசாரிப்பார்.

புதையல் என்றதும் திருத்தங்கலின் பழைய கேஸ் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சிலப்பதிகாரம் மதுரைக் காண்டத்தின் கட்டுரை காதையில் வருகிறது. தங்கால் என்று அன்று அழைக்கப்பட்ட இந்த ஊரில் தட்சிணாமூர்த்தி என்ற சிறுவனுக்கு, வழிப்போக்கரான பராசரன் நகைகளைப் பரிசாகக் கொடுத்துவிட்டுப் போகிறார். திடீரென்று இந்த வீட்டுக்கு நகை எப்படி வந்தது என்று அரசு அதிகாரிகளுக்குச் சந்தேகம். புதையலை அமுக்கிவிட்டார் என்று அப்பா வார்த்திகனைச் சிறையில் தள்ளுகிறார்கள். அவர் மனைவி கார்த்திகை கதறி அழ, கொற்றவை கோயில் கதவு திறக்க மறுக்கிறது. பாண்டிய மன்னன் பதறிப்போய் விசாரிக்கச் சொல்கிறான். தவறு தன் ஆட்கள் மேல்தான் என்று தெரிந்ததும் வார்த்திகனிடம் மன்னிப்புக் கேட்டு, தங்காலையும் வயலூரையும் அவருக்கே கொடுத்துவிடுகிறான். கைது செய்தவர்களை நம்பாமல் மேலே இருப்பவர் தனியாக விசாரித்த கதை இது. கரோனர் நாவல்களின் அடிப்படையும் இதுதானே?

இன்று திருத்தங்கலில் என்ன நடக்கும்?

திருத்தங்கல் இப்போது சிவகாசி மாநகராட்சிக்குள் இருக்கிறது. இங்கே ஒரு வீட்டில் சந்தேகப்படும்படி ஒரு உடல் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தகவல் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகும். (தண்டவாளத்தில் கிடந்தால் ரயில்வே போலீஸ்.) 2024 ஜூலை 1-க்கு முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-வது பிரிவு. இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194-வது பிரிவு. நம்பர் மாறினாலும் வேலை கிட்டத்தட்ட அதேதான்.

போலீஸ் அதிகாரி உடல் கிடக்கும் இடத்துக்கே போக வேண்டும். அக்கம்பக்கத்தைச் சேர்ந்த இரண்டு பேருக்குக் குறையாமல் வைத்துக்கொண்டு உடலில் இருக்கும் காயம், எலும்பு முறிவு, கன்றிப்போன இடம் எல்லாவற்றையும் எழுத வேண்டும். இந்த இரண்டு பேரைத்தான் 'பஞ்சாயத்தார்' என்கிறார்கள். அவர்கள் கையெழுத்தோடு தயாராவதுதான் பிரேத விசாரணை அறிக்கை. புதுச் சட்டப்படி இது 24 மணி நேரத்துக்குள் மேலதிகாரியான மாஜிஸ்திரேட்டுக்குப் போக வேண்டும்.

இங்கே பலர் குழப்பிக்கொள்கிறார்கள். பிரேத விசாரணை வேறு, பிரேத பரிசோதனை வேறு. முதலாவது போலீஸ் வெளியிலிருந்து பார்த்து எழுதுவது. இரண்டாவது டாக்டர் ஜி.ஹெச்.சில் உடலை அறுத்துப் பார்ப்பது, அதாவது போஸ்ட்மார்ட்டம். விஷம் என்று சந்தேகம் வந்தால் உள்ளுறுப்புகள் தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போகும். அந்த ரிப்போர்ட் வரும்வரை டாக்டரும் இறுதிக் கருத்தைச் சொல்ல மாட்டார்.

பிரேத விசாரணை அறிக்கை 'எப்படி இறந்தது போலத் தெரிகிறது' என்பதோடு நிற்கும். யார் செய்தது என்ற கேள்வி அதில் வராது. அதைத் தேடுவதும் அதே போலீஸ்தான். கரோனர் இருக்கும் நாடுகளுக்கும் நமக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இந்த இடத்தில்தான்.

போலீஸைத் தாண்டி யாருமே இல்லையா?

இருக்கிறார்கள், ஆனால் எல்லா மரணத்துக்கும் இல்லை. கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் ஒரு பெண் தற்கொலை செய்துகொண்டாலோ சந்தேகப்படும்படி இறந்தாலோ ஆர்டிஓ விசாரணை கட்டாயம். வரதட்சணைச் சாவுகள் மூடி மறைக்கப்படக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. திருத்தங்கல் என்றால் சிவகாசி வருவாய் கோட்டத்திலிருந்து விசாரணை நடக்கும். புதைத்த உடலைத் தோண்டி எடுக்க உத்தரவிடும் அதிகாரமும் மாஜிஸ்திரேட்டுக்கு உண்டு.

போலீஸ் காவலில் ஒருவர் இறந்தால் ஆர்டிஓ போதாது, நீதித்துறை மாஜிஸ்திரேட் விசாரிக்க வேண்டும். 2006-ல் நடைமுறைக்கு வந்த திருத்தம் இது. இதன் பலம் 2020 ஜூனில் தெரிந்தது. பக்கத்து மாவட்டமான தூத்துக்குடியில், சாத்தான்குளம் போலீஸ் பிடித்துச் சென்ற அப்பாவும் மகனும் அடுத்தடுத்து இறந்தார்கள். கோவில்பட்டி மாஜிஸ்திரேட் நேராக ஸ்டேஷனுக்கே போய் விசாரித்தார். அங்கே அவருக்கு ஒத்துழைப்பு கிடைக்கவில்லை. விஷயம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனதும், ஸ்டேஷனையே வருவாய்த் துறை கட்டுப்பாட்டில் கொண்டுவர உத்தரவு வந்தது. அங்கே வேலை பார்த்த பெண் தலைமைக் காவலர் ஒருவர் மாஜிஸ்திரேட்டிடம் வாக்குமூலம் கொடுத்தார். வழக்கு சிபிஐக்குப் போனது. நாவல்ல எழுதியிருந்தால் 'ஓவரா இருக்கே' என்று சொல்லியிருப்போம்.

பட்டாசு ஆலை மரணங்கள்?

சிவகாசி வட்டாரத்தில் இந்தச் சட்டம் அதிகம் கண்ணில் படுவது வெடி விபத்துகளில்தான். 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் 40 பேர் வரை இறந்தார்கள். 2021 பிப்ரவரி 12-ல் அச்சன்குளத்தில் 20 பேருக்கு மேல். விபத்துச் சாவும் 194-வது பிரிவுக்குள்தான் வரும். ஒவ்வொரு உடலுக்கும் தனித்தனி பிரேத விசாரணை, தனித்தனி போஸ்ட்மார்ட்டம். கருகிப்போன உடலை அடையாளம் காண முடியவில்லை என்றால் டிஎன்ஏ சோதனை. தீக்காயத்தோடு ஆஸ்பத்திரியில் இருப்பவரிடம் மாஜிஸ்திரேட் மரண வாக்குமூலம் வாங்குவார். அவர் பத்து நாள் கழித்து இறந்தால் எஃப்ஐஆரில் பிரிவு மாறும்.

இறந்தவர் யார், எதனால் இறந்தார் என்பதற்கு இப்படிப் பதில் கிடைத்துவிடும். அந்த அறையில் அன்றைக்கு எத்தனை பேர் இருந்தார்கள், எவ்வளவு மருந்து இருந்தது, உரிமம் ஒருத்தர் பெயரில் இருக்க உள்ளே வேலையை நடத்தியது யார் என்பதெல்லாம் வேறு வேறு மேஜைகளுக்குப் போகிறது: போலீஸ், வருவாய்த் துறை, தொழிலகப் பாதுகாப்பு, மத்திய அரசின் வெடிபொருள் துறை. அச்சன்குளத்துக்குப் பிறகு பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக் குழு அமைத்தது. ஆனால் அது அந்த ஒரு விபத்துக்கானது.

இங்கிலாந்து கரோனருக்கு இதில் ஒரு கடமை இருக்கிறது. விசாரணையில் 'இதே காரணத்தால் இன்னொருவரும் சாகலாம்' என்று தெரிந்தால், அதைத் தடுக்க வேண்டிய நிறுவனத்துக்கோ துறைக்கோ அவர் அறிக்கை அனுப்பியாக வேண்டும். அவர்கள் 56 நாளுக்குள் பதில் தர வேண்டும். அறிக்கையும் பதிலும் பொதுவெளியில் போடப்படுகின்றன.

குடும்பத்தினர் தெரிந்துகொள்ள வேண்டியவை

மரணத்தில் சந்தேகம் இருந்தால், போஸ்ட்மார்ட்டம் முடிந்து உடலை வாங்குவதற்கு முன்பே எழுத்து மூலம் புகார் கொடுத்துவிடுவது நல்லது. எரித்துவிட்டால் மறு பரிசோதனைக்கு வழியில்லை. மறு போஸ்ட்மார்ட்டம் கேட்டு உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். மாஜிஸ்திரேட் விசாரணை நடந்தால் முடிந்தவரை உறவினர்களுக்குத் தகவல் சொல்லி, விசாரணையில் இருக்க அனுமதிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

"சாயங்காலம் ஆயிடுச்சு, நாளைக்குத்தான்" என்று பிணவறை வாசலில் சொல்வார்கள். வசதி உள்ள ஆஸ்பத்திரிகளில் இரவிலும் போஸ்ட்மார்ட்டம் செய்யலாம் என்று 2021 நவம்பரில் மத்திய அரசு அறிவித்தது. ஆனால் கொலை, தற்கொலை, சந்தேக மரணம் போன்றவற்றுக்கு அது பொருந்தாது. சட்டம் ஒழுங்குப் பிரச்சினை இருந்தால்தான் விதிவிலக்கு. சந்தேக மரணம் என்று பதிவான உடலுக்கு விடியும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.