இருளுக்குள் ஒரு நதி – 7: படகில் ஏற்றப்பட்ட நோயாளி

நாவலாசிரியர் கான்ராடைப் போன வாரம் நட்டாற்றில் விட்டுவிட்டு வந்தோம். திட்டியிருப்பீர்கள். இதோ, கரை வந்துவிட்டது.

1890 செப்டம்பர் 1. ஒரு மாதமாக காங்கோ நதியை எதிர்த்து மூச்சிரைக்க ஏறிவந்த அந்த 15 டன் நீராவிப் படகு, ஸ்டான்லி நீர்வீழ்ச்சியைத் தொட்டது. படகின் பெயர் 'ருவா தெ பெல்ஜ்'. பெல்ஜியர்களின் அரசன் என்று பொருள். படகாவது இவ்வளவு தூரம் வந்தது. காங்கோ முழுவதையும் தன் சொந்தச் சொத்தாக எழுதி வாங்கிக்கொண்ட அரசர் லியோபோல்டு, கடைசிவரை அந்த மண்ணில் கால் வைக்கவே இல்லை.

இதற்கு மேல் படகு போகாது. அருவி மறிக்கிறது.

இரவு. படகிலிருந்த மற்ற வெள்ளைக்காரர்கள் எல்லாரும் தூங்கிப்போனார்கள். கான்ராட் மட்டும் மேல்தளத்தில், புகைக்குழாயும் கையுமாக. இருட்டுக்குள் அருவி உறுமிக்கொண்டிருந்தது. ஆற்று நடுவே ஒரு குட்டித் தீவு. அதில் ஒரே ஒரு விளக்கு.

அவருக்குள் ஒரு போலந்துப் பொடியன் எழுந்து உட்கார்ந்தான். ஒன்பது பத்து வயதிருக்கும். ஆப்பிரிக்க வரைபடத்தின் நடுவில் ஒன்றும் எழுதாமல் விட்டிருந்த இடத்தில் விரலை வைத்து, "பெரியவனானதும் இங்கே போவேன்" என்று சவடால் விட்டவன். கூட்டாளிகள் கேலி செய்தார்கள்.

வந்தேவிட்டான்.

துள்ளிக் குதித்திருக்க வேண்டும். குதிக்கவில்லை. பின்னாளில் அந்த இரவைப் பற்றி எழுதும்போதும் அவர் சொன்னது தனிமையைத்தான், கசப்பைத்தான். காரணம் வழியெல்லாம் கிடந்தது. மத்தாடியிலிருந்து கின்ஷாசாவுக்கு நடந்து வந்தாரே, அப்போது எழுதிய நாட்குறிப்பைப் பாருங்கள். பாதையோரம் ஒரு பிணம். அப்புறம் இன்னொன்று. ஒரு கம்பத்தில் கட்டப்பட்டபடியே எலும்புக்கூடாகிப் போன ஒரு மனிதன். கணக்குப்பிள்ளை வரவு எழுதுவதுபோல ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார். எனக்கென்னவோ, அந்த நாட்குறிப்பில் அவர் எழுதாமல் விட்டதெல்லாம்தான் எட்டு வருடம் உள்ளே கிடந்து ஊறி 'இருளின் இதயம்' நாவலாயிற்று என்று தோன்றுகிறது.

'நாகரிகம் கொண்டுவருகிறோம்.' ஐரோப்பாவில் மேடைக்கு மேடை இதைத்தான் முழங்கினார்கள். நதிக்கரையில் அந்த முழக்கத்தைக் காணோம். எத்தனை தந்தம், என்ன எடை, எப்போது அனுப்புகிறாய்? ஒவ்வொரு கிடங்கிலும் பேச்சு இவ்வளவுதான்.

அடுத்த சில நாட்களில் காரியங்கள் தடதடவென நடந்தன.

படகின் கேப்டன் கோக் படுத்துவிட்டார். படகை நடத்திய வியாபாரக் கம்பெனியின் தற்காலிக மேலாளர் கமீல் டெல்கொம்யூனும் அதே படகில்தான் வந்திருந்தார். அவருக்கும் கான்ராடுக்கும் ஆகவே ஆகாது. ஆனால் வேறு வழி? செப்டம்பர் 6 அன்று கடிதம் எழுதிக் கொடுத்தார். கோக் குணமாகும்வரை படகு உங்கள் பொறுப்பு.

ஒரு கேப்டன் வேலைக்காகத்தான் கான்ராட் காங்கோவுக்கே வந்தார். இந்த நதியில் கேப்டனாக இருந்த ஃப்ரைஸ்லேபன் என்ற டேனிஷ்காரர் கிராமத்தாரோடு நடந்த தகராறில் கொல்லப்பட்டு, அந்த இடம் காலியானதால் கிடைத்த வேலை. வந்து பார்த்தால் படகு தயாராக இல்லை. இப்போது ஒருவழியாகப் பதவி கைக்கு வருகிறது, அதுவும் இன்னொருவரின் காய்ச்சல் புண்ணியத்தில்.

பதவியோடு ஒரு சுமையும் வந்தது.

கரையிலிருந்து ஒரு மனிதரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஜார்ஜ் அந்துவான் கிளைன். பிரெஞ்சுக்காரர். கம்பெனியின் ஏஜென்ட். சீதபேதி உடம்பை உருக்கியிருந்தது. கின்ஷாசா போய்ச் சேர்ந்தால் பிழைக்கலாம்.

படகு திரும்பியது. இந்த முறை நீரோட்டம் துணைக்கு. சக்கரம் சுழல்கிறது. சுக்கான் அருகே கான்ராட், முழுசாகத் தெரியாத ஒரு ஆற்றில் மணல்திட்டுகளைத் தேடித் தேடி. அதே படகில், இறந்துகொண்டிருக்கும் ஒருவர். இருவரும் பேசிக்கொண்டார்களா? என்ன பேசினார்கள்? ஒரு குறிப்பும் இல்லை.

விறகு வெட்டிப் போட்டவர்கள், நோயாளியைச் சுமந்தவர்கள் பெயரையும் யாரும் நமக்கு விட்டுவைக்கவில்லை. நாவலிலும் அவர்களுக்குப் பெயர் கிடையாது, பேச்சும் அநேகமாகக் கிடையாது. இதற்காகத்தான் 1975-இல் நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்செபே கான்ராடைச் சட்டையைப் பிடித்து உலுக்கினார். அந்தச் சண்டைக்குத் தனியாக ஒரு வாரம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 21. கின்ஷாசாவுக்கு இன்னும் சில நாள் பயணம் பாக்கி.

கிளைன் இறந்துபோனார்.

ஆற்றங்கரையில் புதைத்தார்கள். படகு நகர்ந்தது.

1899-இல் 'இருளின் இதயம்' லண்டன் வாசகர்கள் கைக்கு வந்தது. நம் தொடரைப்போல அதுவும் பத்திரிகையில்தான் வந்தது, 'பிளாக்வுட்'ஸ்' இதழில் மூன்று பகுதிகளாக. அதன் கையெழுத்துப் பிரதியைப் புரட்டினால் ஒரு வேடிக்கை. தந்த வியாபாரி குர்ட்ஸ் என்று நாம் அறிந்த அந்தப் பயங்கர மனிதனின் பெயர், ஆரம்பத்தில் சில இடங்களில் வேறாக இருக்கிறது. கிளைன்! பிறகு அடித்துத் திருத்தியிருக்கிறார்.

அப்படியானால் கிளைன்தான் குர்ட்ஸா?

அவசரப்படாதீர்கள். நாவலின் குர்ட்ஸ் யார்? ஓவியன். இசை தெரிந்தவன். பேச ஆரம்பித்தால் கூட்டத்தைக் கட்டிப்போடுகிறவன். காட்டுமிராண்டி வழக்கங்களை ஒழிப்பது எப்படி என்று ஓர் அறிக்கையே எழுதுகிறான், அதுவும் தேன் சொட்டும் நடையில். அந்த அறிக்கையின் கடைசியில், அத்தனை பேரையும் கொன்றொழித்துவிடச் சொல்லி ஒரு வரி கிறுக்குகிறான். அவன் வீட்டு முன்னால் கழிகள். கழிகளின் நுனியில் மனிதத் தலைகள்.

கிளைனிடம் இதில் ஒன்றுகூட இல்லை. வியாபாரத்துக்கு வந்து வயிற்று நோயில் செத்த ஒரு சம்பளக்காரர், அவ்வளவுதான். கான்ராட் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது ஒரு நோயாளியை, ஒரு படகை, ஆற்றோரத்து ஒரு மரணத்தை. தலைகள் அந்தப் படகில் ஏறவில்லை.

பின்னே எங்கிருந்து வந்தன?

கிளைன் இறந்து ஐந்து வருடம் தாண்டி வாருங்கள். 1895. அதே ஸ்டான்லி நீர்வீழ்ச்சி. இப்போது அங்கே அதிகாரம் செய்பவர் லியோன் ரோம் என்ற பெல்ஜியக் கேப்டன். ரசனைக்காரர். ஓவியம் வரைவார். வண்ணத்துப்பூச்சிகள் சேகரிப்பார். வீட்டு வாசலில் ஒரு பூப்பாத்தி போட்டு, அதற்குச் சுற்றிலும் விளிம்பும் கட்டியிருந்தார்.

செங்கல் வைத்துக் கட்டவில்லை. கல்லும் இல்லை.

அந்த வழியாக வந்த ஓர் ஆங்கிலப் பயணி அது என்னவென்று தன் நாட்குறிப்பில் எழுதினார். எண்ணிக்கையையும் சேர்த்து.

இருபத்தொன்று.

(அடுத்த வாரம்)