இணையத்தளத்தின் பெயரை மாற்றலாம், பழைய பெயரைக் கைவிடலாமா?

எங்கள் ஊரில் புடவைக்கடை வைத்திருக்கும் நானா ஒருவர் வருடாவருடம் தொழுகை நேரங்களுடன் கலண்டர் அச்சிட்டு வீடுகளுக்கும் பள்ளிவாசல்களுக்கும் கொடுப்பார். அடியில் கடையின் பெயரும் தொலைபேசி இலக்கமும் இணையத்தள முகவரியும் இருக்கும். கடையைப் பெரிதாக்கிப் பெயரையும் சற்று மாற்றியபோது புதிய டொமைன் ஒன்றை எடுத்தார். பழையதற்கு வருடாந்தக் கட்டணம் கட்டவில்லை. "அதுதான் புதுசு இருக்கே, பழசு என்னத்துக்கு?" என்று விட்டுவிட்டார். சில மாதங்கள் கழித்து, பள்ளிவாசலில் ஓதும் பிள்ளை ஒன்று கலண்டரில் இருந்த முகவரியைத் தொலைபேசியில் தட்டிப் பார்த்திருக்கிறது. திறந்தது ஒரு சூதாட்டத் தளம்!

நானா என்னிடம் வந்தபோது செய்வதற்குப் பெரிதாக எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. பேனையை எடுத்துக்கொண்டு பள்ளிவாசல் பள்ளிவாசலாகப் போய்க் கலண்டரில் அந்த வரியை வெட்டினார். வீடுகளில் தொங்கியவற்றை என்ன செய்வது?

எப்படி இது நடக்கிறது என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். டொமைன் என்பது நாம் விலைக்கு வாங்கும் காணி அல்ல, வருடக் குத்தகை. டொட் கொம் போன்ற பெயர் ஒன்றின் தவணை முடிந்தால், விற்ற நிறுவனம் அதிகபட்சம் 45 நாட்கள் வரை அதை வைத்திருந்து புதுப்பிக்க இடம் தரலாம். அதன்பின் 30 நாட்கள் மீட்புக் காலம். இந்தக் காலத்தில் மீட்பதற்கான கட்டணம் வழமையானதைவிடப் பல மடங்கு கூடுதலாக இருக்கும். அதுவும் கடந்தால் 5 நாட்களில் பெயர் அழிக்கப்பட்டு, உலகில் யாரும் எடுக்கக்கூடியதாகிவிடும். இப்படிக் கைவிடப்படும் பெயர்களுக்காகவே மென்பொருள் வைத்துக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். பல வருடங்கள் நேர்மையாக நடந்த கடையின் பெயருக்குக் கூகுளில் ஒரு மதிப்பு இருக்கும், வேறு தளங்களிலிருந்து இணைப்புகள் இருக்கும், பழைய வாடிக்கையாளர்களும் வந்துகொண்டிருப்பார்கள். சூதாட்டக்காரனுக்கு வேண்டியது அந்த மதிப்புத்தான். சில ஆயிரம் ரூபாய் கட்டணத்தை மிச்சம்பிடிக்கப்போய், கடை சம்பாதித்த நல்ல பெயரை அவனிடம் கொடுத்துவிடுகிறோம்.

ஆகவே, புதிய பெயருக்கு மாறுகிறவர் பழைய பெயரை விடக் கூடாது. எவ்வளவு காலம் என்று கேட்டால், தேடல் முடிவுகளுக்காகக் குறைந்தது ஒரு வருடமாவது திருப்பிவிடலை வைத்திருக்கும்படி கூகுள் சொல்கிறது. என்னைக் கேட்டால், கடை திறந்திருக்கும் காலம் முழுவதும் என்பேன். கலண்டர், துணிப்பை, பற்றுச்சீட்டு, கடை வாகனத்தின் பக்கவாட்டு, விசிட்டிங் கார்டில் உள்ள கியூஆர் குறியீடு என்று அச்சில் ஏறிய எதையும் திரும்ப அழைக்க முடியாது.

அடுத்தது, அந்தப் பெயர் யாருடைய பெயரில் இருக்கிறது என்ற விடயம். காணி உறுதியைப் பக்கத்து வீட்டுத் தம்பியின் பெயரில் எழுதுவோமா? ஆனால் டொமைனில் இதைத்தான் செய்கிறோம். தளத்தைச் செய்துகொடுத்த பையன் தன் கணக்கில், தன் மின்னஞ்சலில், தன் அட்டையில் பதிந்திருப்பான். அவன் நல்ல பிள்ளைதான். ஆனாலும் கட்டாருக்கு வேலைக்குப் போய்விடுகிறான், பழைய மின்னஞ்சலைப் பார்ப்பதில்லை. சொந்தக்காரப் பையனாக இருந்தால் கேட்பதற்கும் கூச்சம். கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி சூரா பகராவில் அல்லாஹ் சொல்லியிருக்கும்போது இதில் கூச்சம் எதற்கு? இடம்பெயர்வைத் தொடங்குமுன் பழைய பெயர், புதிய பெயர் இரண்டும் உரிமையாளரின் கணக்கில், அவரது பெயரில் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தளத்தைச் செய்பவருக்கு வேலை செய்யும் அனுமதி போதும்.

புதிய பெயரைத் தெரிவு செய்வதில் நம்மவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. பரக்கத் என்ற சொல்லை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்று யோசித்துப் பாருங்கள். கடைசியில் எச் வருமா, கே ஒன்றா சீ இரண்டா? நீங்கள் ஒரு விதமாகப் பதிவீர்கள், வாடிக்கையாளர் வேறு விதமாகத் தட்டுவார். தொலைபேசியில் ஒருவருக்குச் சொல்லி, அவர் பிழையின்றி எழுதுகிறாரா என்று சோதிப்பதைவிட நல்ல பரீட்சை இல்லை. அமெரிக்காவின் ஓவர்ஸ்டொக் நிறுவனம் 2011இல் தன்னை ஓ டொட் சீஓ என்று சுருக்கிக்கொண்டது. விளம்பரத்தைப் பார்த்தவர்கள் பழக்க தோசத்தில் ஓ டொட் கொம் என்று தட்டித் தடுமாறினார்கள். அதே வருடமே நிறுவனம் பின்வாங்க வேண்டியதாயிற்று. இலங்கைக்குள் மட்டும் வியாபாரம் என்றால் டொட் எல்கே நல்ல தெரிவு. தமிழிலேயே முடியும் .இலங்கை என்ற முகவரியும் 2010 முதல் நமக்கு உண்டு. அதைப் பாவிக்கும் கடைகளைக் காண்பது அரிது என்பது வேறு கதை. இன்னொன்று: எடுக்கப்போகும் பெயரை முன்பு யாரும் பாவித்தார்களா என்று இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் தேடிப் பாருங்கள். நானாவின் பழைய பெயருக்கு நடந்தது உங்கள் புதிய பெயருக்கு ஏற்கெனவே நடந்திருக்கலாம்.

தொழில்நுட்ப வேலை செய்பவரிடம் உரிமையாளர் கேட்டு உறுதிப்படுத்த வேண்டியவை சிலதான். திருப்பிவிடல் 301 என்ற நிரந்தர வகையாக இருக்க வேண்டும். 302 தற்காலிகமானது. பழைய தளத்தின் ஒவ்வொரு பக்கமும் புதிய தளத்தின் அதே பக்கத்துக்குப் போக வேண்டும். அபாயா பக்கத்தைத் தேடி வந்தவரை முகப்புப் பக்கத்தில் இறக்கிவிட்டால் அவர் திரும்பிப் போய்விடுவார், கூகுளும் அதைச் சரியான மாற்றமாக எடுக்காது. பழைய பெயருக்கும் எஸ்எஸ்எல் சான்றிதழ் தொடர்ந்து இருக்க வேண்டும், இல்லையேல் திருப்பிவிடுமுன்பே பிரவுசர் எச்சரிக்கை காட்டி ஆளைப் பயமுறுத்தும். கூகுள் சேர்ச் கொன்சோலில் இரண்டு தளங்களையும் உறுதிப்படுத்தி, முகவரி மாற்ற அறிவிப்பைக் கொடுக்க வேண்டும். அதன்பின்னும் சில வாரங்கள் தேடலில் ஏற்ற இறக்கம் இருக்கும், பதறத் தேவையில்லை. பதறி வடிவமைப்பையும் மாற்றப்போனால் எது எதனால் குறைந்தது என்றே தெரியாமல் போகும். ஒன்லைனில் காசு வாங்குபவர்கள் வங்கிக்கோ பேமென்ட் கேட்வே நிறுவனத்துக்கோ முன்கூட்டியே புதிய முகவரியைக் கொடுத்து அனுமதி எடுக்க வேண்டும்.

நாள் பார்ப்பதும் முக்கியம். புடவைக்கடைக்காரர் நோன்பின் கடைசிப் பத்தில் இந்த வேலையில் கைவைத்தால் தொழிலும் கெடும், இபாதத்தும் கெடும். பெருநாள் முடிந்து சந்தை அடங்கிய பிறகு செய்யுங்கள்.

பலரும் மறப்பது மின்னஞ்சலை. இணையத்தளம் திருப்பிவிடப்பட்டால் மின்னஞ்சலும் தானாகத் திரும்பும் என்று நினைக்கிறார்கள். அது வேறு ஏற்பாடு. பழைய பெயரில் வரும் கடிதங்களைப் புதிய பெட்டிக்குச் சேர்க்கத் தனியாக ஒழுங்கு செய்ய வேண்டும். பழைய பெயர் பிறர் கைக்குப் போனால் ஆபத்தும் இங்கேதான் அதிகம். அந்தப் பெயரை எடுத்தவர் அதில் ஒரு மின்னஞ்சல் பெட்டியைத் திறந்தால், உங்கள் பழைய முகவரிக்கு வருவதெல்லாம் அவர் கைக்குப் போகும். பேஸ்புக் பக்கத்தின் கடவுச்சொல்லை மறந்ததாகச் சொல்லி மீட்பு இணைப்பை வரவழைக்கலாம். மொத்த வியாபாரிக்கு உங்கள் பழைய முகவரியிலிருந்தே, "எமது வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று எழுதலாம். அவர் அதை ஏன் சந்தேகிக்க வேண்டும்? உம்ரா முகவர் ஒருவரின் தளம் என்றால் வாடிக்கையாளரின் கடவுச்சீட்டுப் பிரதிகூட அந்தப் பெட்டியில் வந்து விழலாம். ஆகவே வங்கி, பேஸ்புக், கூகுள் வரைபடப் பதிவு, விநியோகத்தர்கள் என்று பழைய மின்னஞ்சலைக் கொடுத்த ஒவ்வோர் இடத்தையும் ஒரு கொப்பியில் எழுதி, மாற்ற மாற்ற வெட்டிக்கொண்டு போங்கள்.

நானாவின் கதையில் ஒரு விடயத்தைப் பிறகுதான் கண்டுபிடித்தோம். கட்டணம் கட்டும்படி டொமைன் விற்ற நிறுவனம் பலமுறை நினைவூட்டியிருக்கிறது. அந்த நினைவூட்டல்கள் எல்லாம் போனது பழைய தளத்தின் பெயரிலேயே இருந்த மின்னஞ்சலுக்கு. கடை புதிய பெயருக்கு மாறிய நாளிலிருந்து அந்தப் பெட்டியை யாரும் திறக்கவில்லை. இப்போது அவருடைய டொமைன் கணக்கு, கடையின் பெயரோடு சம்பந்தமில்லாத ஜிமெயில் முகவரி ஒன்றில் இருக்கிறது. கடவுச்சொல்லை அவரும் மூத்த மகளும் மட்டும் வைத்திருக்கிறார்கள்.