ஜனக்புரியின் மாடிகளும் ஒரு 3500 ரூபாயும்

மேற்கு தில்லியின் ஜனக்புரியில் வாடகை வருவாயை நாடும் முதலீட்டாளர் இன்று தேடுவது தளத்துக்கொரு குடும்பம் வாழும் ‘பில்டர் ஃப்ளோர்’ கட்டடங்களையே. இவை தொடக்கத் திட்டத்தில் இருந்தவை அல்ல. தில்லி வளர்ச்சி ஆணையம் இங்கு மனைகளைக் குத்தகை உரிமையில் வழங்கியது. 1992இல்தான் அதை முழு உடைமையாக்கிக்கொள்ள வழி பிறந்தது. பின்னர்ப் பழைய வீட்டை இடித்து, உரிமையாளரும் கட்டுநரும் தளங்களைப் பங்கிட்டுக்கொள்ளும் வழக்கம் பரவியது.

ஆயினும் முதலீட்டாளருக்குத் துணிவளித்தது வேறொன்று. 1958ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ்க் குடியிருப்பவரை எளிதில் வெளியேற்ற இயலாது. வாடகையையும் விரும்பியவாறு உயர்த்த இயலாது. 1988ஆம் ஆண்டுத் திருத்தமோ, மாத வாடகை 3500 ரூபாயைத் தாண்டும் இடங்களுக்கு இச்சட்டத்திலிருந்து விலக்களித்தது. அன்று அது வசதி படைத்தோர் தரும் வாடகை. விலைவாசி பன்மடங்கு ஏறியும் அந்த எண் மாறவில்லை. 1995இல் நாடாளுமன்றம் இயற்றிய மாற்றுச் சட்டமும், கடைகளில் பழைய வாடகைக்கு இருந்த வணிகர்களின் எதிர்ப்பால், நடைமுறைக்கு வரவில்லை (வாடகைதாரரே தடுத்த சட்டம் அது!). எனவே ஜனக்புரியில் ஒற்றை அறை எடுக்கும் மாணவரும் இன்று சட்டத்தின் பார்வையில் அந்த வசதி படைத்தோர் வரிசையில் நிற்கிறார். அவர் கையில் இருப்பது பதினொரு மாத ஒப்பந்தம்.