வாசலில் சொல்ல வேண்டிய பெயர்: வருகைப் படிவத்தின் வரலாறு



மத்ரஸாவில் சிறுவர்களுக்கு ஒழுக்கப் பாடம் நடத்தும்போது நாம் தவறாமல் சொல்லும் ஒரு நிகழ்ச்சி உண்டு. ஜாபிர் (ரலி) அவர்கள் தம் தந்தை விட்டுச் சென்ற கடன் குறித்துப் பேசுவதற்காக நபி (ஸல்) அவர்களின் இல்லத்துக்கு வந்து கதவைத் தட்டினார்கள். வந்திருப்பது யார் என்று உள்ளிருந்து கேட்கப்பட்டது. ‘நான்’ என்று மட்டும் பதில் சொன்னார்கள் ஜாபிர். அந்தப் பதிலை நபி (ஸல்) அவர்கள் விரும்பவில்லை. ‘நான்’ என்பது எவரும் சொல்லக்கூடிய சொல். பிறர் வாசலில் நிற்பவர் தம் பெயரைச் சொல்லியாக வேண்டும் என்பதே இதில் நமக்குள்ள பாடம்.

அண்மையில் ஓர் அஸர் தொழுகைக்குப் பின் இந்த நிகழ்ச்சி நம் நினைவுக்கு வந்தது. மலேசியாவில் உள்ள மகளைப் பார்க்கப் புறப்படும் வயது முதிர்ந்த தாயார் ஒருவர் கைப்பேசியோடு மத்ரஸா வாசலில் நின்றார். “ஹஜ்ரத், இதில் ஏதோ கேட்கிறது. எதையாவது போட்டு அனுப்பிவிடுங்கள்” என்றார். பெரம்பலூர் மாவட்டத்தின் லப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் போன்ற ஊர்களிலும், அண்டையிலுள்ள அரியலூர் மாவட்டத்திலும் வெளிநாட்டில் உறவினர் உள்ள குடும்பங்கள் பல. ‘எதையாவது போடுங்கள்’ என்ற சொல்லும் அங்கெல்லாம் புதிதன்று. அந்தச் சொல்லின் விலை என்ன என்பதை வரலாற்றின் துணைகொண்டு சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இந்த வழக்கம் இணையத்தோடு பிறந்தது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் இது மிகப் பழையது. வணிகர் சுலைமானின் பெயரோடு இணைத்துச் சொல்லப்படும் அரபு நூலொன்று ஹிஜ்ரி 237இல், அதாவது கி.பி. 851இல் எழுதப்பட்டது. சீன நாட்டில் பயணம் செய்வோர் இரண்டு கடிதங்கள் பெற வேண்டும் என்று அது விவரிக்கிறது. ஒரு கடிதத்தில் பயணியின் பெயர், வயது, குலம், உடன் வருவோரின் விவரம் ஆகியவை இருக்கும். மற்றொன்றில் அவர் கொண்டுவரும் பணமும் சரக்கும் குறிக்கப்பட்டிருக்கும். வழியிலுள்ள காவலர்கள் அவற்றைப் பார்த்து, இன்னாருடைய மகன் இன்னார் இந்த நாளில் வந்தார் என்று பதிந்துகொள்வர். இதற்கு அந்நூல் கூறும் காரணம் கவனிக்கத்தக்கது. பயணியின் பொருள் தொலைந்தாலோ அவரே இறந்துவிட்டாலோ, உடைமை எங்கே போயிற்று என்பது தெரிய வேண்டும். அது அவரிடமோ அவருடைய வாரிசுகளிடமோ சேர வேண்டும். ஆக, அந்தப் பதிவு அரசைக் காத்ததோடு வந்தவரையும் காத்தது.

ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பின் உலகைச் சுற்றியவர் இப்னு பதூதா. மதுரை சுல்தான்களின் காலத்தில் நம் தமிழ் மண்ணையும் மிதித்தவர் அவர். எகிப்துக்கும் சிரியாவுக்கும் இடையே கத்யா என்ற இடத்தில் இருந்த சோதனைச் சாவடியைப் பற்றி அவர் எழுதியுள்ளார். அனுமதித் தாள் இல்லாமல் எவரும் அதைக் கடக்க இயலாது. திருட்டுத்தனமாகச் செல்வோரின் காலடித் தடம் மறுநாள் காலையில் தெரிய வேண்டும் என்பதற்காக இரவில் மணலைச் சமப்படுத்தி வைப்பார்களாம். சீனத் துறைமுகங்களில் கப்பல் புறப்படும்போது அதிலுள்ளோரின் பெயர்களை எழுதிக்கொண்டு, திரும்பி வரும்போது சரிபார்த்ததையும் அவர் குறித்துள்ளார். முஸ்லிம் ஆட்சிப் பரப்பிலும் அதற்கு அப்பாலும் ‘யார் வருவது?’ என்ற கேள்வி இருந்தது என்பதற்கு அவருடைய பயண நூலே சான்று.

இனி நம் மண்ணுக்கு வருவோம். அரியலூர் மாவட்டத்தின் கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராக்கிய முதலாம் இராசேந்திரனின் படை 1025இல் கடல் கடந்து கடாரத்தைத் தாக்கியது. அந்தக் கடாரமே இன்றைய மலேசியாவின் கெடா. ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டுகள் கழித்து இதே மண்ணின் மக்கள் அதே கடலைக் கடந்தனர். இம்முறை சென்றவர்கள் கூலிகளாகவும் சிறுவணிகர்களாகவும் சென்றனர். பெரம்பலூரும் அரியலூரும் அப்போது திருச்சிராப்பள்ளி மாவட்டத்துக்குள் இருந்தன. இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் திரட்டப்பட்ட முக்கிய மாவட்டங்களில் அதுவும் ஒன்று.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக்குச் சென்ற தோட்டத் தொழிலாளருக்குத் ‘தகர டிக்கெட்’ தரப்பட்டது. அதில் தோட்டத்தைக் குறிக்கும் எண்ணும் ஆளைக் குறிக்கும் எண்ணும் பொறிக்கப்பட்டிருந்தன. வழிநெடுக அந்த எண்ணைக் கொண்டே ஆளை அடையாளம் கண்டனர். இன்று இலங்கை அகதிகள் தங்கும் மண்டபம் முகாம், அந்நாளில் அத்தொழிலாளர்களைத் தடுத்து நிறுத்தி, நோய் உண்டா என்று சோதித்து அனுப்பிய இடமாகும். அங்கே ஏழையின் வாயிலிருந்து வரும் சொல்லுக்கு இடமில்லை. கங்காணி சொன்னதே விவரம். எழுத்தர் எழுதியதே பெயர்.

ஹாஜிகளின் நிலையும் எளிதாக இருக்கவில்லை. 1865இல் ஹஜ் காலத்தில் காலரா பரவிப் பல நாடுகளை எட்டியது. அடுத்த ஆண்டே இஸ்தான்புல்லில் பன்னாட்டுச் சுகாதார மாநாடு கூடியது. 1882இல் உஸ்மானிய அரசு செங்கடலின் கமரான் தீவில் நோய்த்தடுப்பு நிலையம் அமைத்தது. இந்தியாவிலிருந்து சென்ற ஹஜ் கப்பல்கள் அங்கே நின்று சோதனை முடித்த பின்னரே ஜித்தாவை அடைய முடிந்தது. இன்று சில நாடுகளின் படிவங்கள் உடல்நலம் பற்றியும் கேட்பதன் வேர் இத்தகைய தீவுகளிலும் முகாம்களிலும்தான் இருக்கிறது.

பின்னர் தாள்கள் பெருகின. இந்தியக் கடவுச்சீட்டுச் சட்டம் 1920இல் வந்தது. விடுதலைக்குப் பின் இலங்கையும் மலாயாவும் தத்தம் குடியேற்றச் சட்டங்களை இயற்றின. அதுவரை ஒரே வெள்ளையர் ஆட்சிக்குள் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர்கள் ஒரே தலைமுறைக்குள் ‘அந்நியர்’ ஆயினர். தாளில் என்ன எழுதப்பட்டிருந்தது என்பதே அவர்கள் யார் என்பதைத் தீர்மானித்தது.

இதை நாம் ஏட்டில் படித்து மட்டும் அறிந்தவர்கள் அல்லர். எம் பாட்டனாரின் தமையனார் இளம்வயதில் பினாங்குக்குச் சென்றவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். பயணத் தாளை நிரப்பியவர், தந்தையின் பெயரைக் கேட்காமலேயே அந்த இடத்தில் ‘லெப்பை’ என்று எழுதிவிட்டார். அவர் கைநாட்டு வைத்தார். பல்லாண்டுகள் உழைத்து அங்கேயே மவ்தானார். அவர் சேர்த்து வைத்த சிறு தொகையைக் கேட்டு ஊரிலிருந்து மனு அனுப்பப்பட்டபோது, தாளில் உள்ளவரும் இவர்கள் கேட்பவரும் ஒருவரே என்பதை மெய்ப்பிக்க முடியவில்லை. அவருடைய மனைவி இத்தா இருந்து முடித்தார். அந்தப் பணம் வரவேயில்லை. சீனத்துப் பதிவு எந்த வாரிசுக்காக எழுதப்பட்டதோ, அந்த வாரிசையே ஒரு கவனமற்ற சொல் வெறுங்கையோடு நிறுத்திவிட்டது.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம். அது கடனை எழுதி வைப்பது பற்றியது. எழுத்தர் நேர்மையாக எழுத வேண்டும், கடன் பட்டவரே வாசகத்தைச் சொல்ல வேண்டும், அவரால் இயலாவிட்டால் அவருடைய பொறுப்பாளர் நீதியோடு சொல்ல வேண்டும் என்பது அதன் கருத்து. அது கொடுக்கல் வாங்கலுக்கான சட்டம் என்றாலும், அதிலுள்ள நெறி நமக்கு வழிகாட்டுகிறது. எழுதும் கை பிறருடையதாக இருக்கலாம். சொல் நம்முடையதாக இருக்க வேண்டும்.

இன்றைய நிலையைப் பாருங்கள். மலேசியா 2024 ஜனவரி முதலும், தாய்லாந்து 2025 மே முதலும் வருகை அட்டையை இணையவழியே கேட்கின்றன. சிங்கப்பூர் அதற்கு முன்பிருந்தே கேட்கிறது. இம்மூன்று நாடுகளுக்கும் பயணத்துக்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் அதை நிரப்பலாம். அரசின் அதிகாரப்பூர்வத் தளத்தில் இதற்குக் கட்டணம் இல்லை. கட்டணம் கேட்கும் தளம் அரசின் தளத்தைப் போலவே தோற்றமளித்தாலும் அங்கே நம் விவரங்களைத் தரலாகாது. இந்த அட்டை விசா அன்று என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். விசா தேவைப்படும் நாட்டுக்கு அதைத் தனியே பெற்றாக வேண்டும்.

இந்தப் படிவத்தில் கேட்கப்படுபவை எளியவையே: கடவுச்சீட்டில் உள்ளபடி பெயர், கடவுச்சீட்டு எண், பிறந்த நாள், விமான எண், தங்கும் முகவரி, திரும்பும் நாள். நம் வீடுகளில் ‘முஹம்மது’ என்பதை ஒருவர் ஒருவிதமாகவும் மற்றொருவர் வேறுவிதமாகவும் ஆங்கிலத்தில் எழுதுகிறோம். ஆதாரில் ஒன்று, பள்ளிச் சான்றிதழில் ஒன்று என்று இருக்கும். படிவத்துக்குக் கடவுச்சீட்டில் உள்ள எழுத்தே கணக்கு. குழந்தைகளுக்கும் முதியோருக்கும் விவரங்களைத் தனித்தனியே தர வேண்டும். நிரப்பிய பின் ஒரு முறை உரக்கப் படித்து, உரியவரைக் கேட்கச் செய்து, அதன் பிறகே அனுப்புவது நன்று.

மிக முக்கியமானது வருகையின் நோக்கம் பற்றிய கேள்வி. வேலைக்காகச் செல்லும் இளைஞரிடம் ‘சுற்றுலா என்று போடு’ என்று முகவர் சொல்வதும், அவர் தலையசைப்பதும் நம் பகுதியில் நடக்கிறது. அது பொய் என்பது ஒருபுறம் இருக்க, அதன் விளைவையும் எண்ண வேண்டும். சுற்றுலா வந்தவராகப் பதிவானவர், சம்பளம் தரப்படாதபோது எந்த வாசலில் போய் முறையிடுவார்? முறையிட்டால் முதலில் பிடிபடுபவர் அவரே. தகர டிக்கெட் அணிந்தவருக்குத் தம்மைப் பற்றிச் சொல்ல வாய்ப்பே தரப்படவில்லை. நமக்கு அந்த வாய்ப்பு நம் மொழி தெரிந்த பிள்ளைகளின் கைப்பேசியிலேயே கிடைத்திருக்கிறது. அதை முகவரின் பொய்க்கு ஒப்படைப்பது நமக்கு நாமே செய்யும் அநீதி.

அந்தத் தாயாரை உட்கார வைத்து ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் படித்துக் காட்டினோம். மகளின் முகவரி கேட்கப்பட்டபோது, துணியில் முடிந்து வைத்திருந்த தாளை எடுத்து அவரே எழுத்துக்கூட்டிச் சொன்னார். திரும்பும் நாள் கேட்கப்பட்டபோது, “பேத்தியைப் பார்த்துவிட்டு வர மனம் வருமா?” என்று சிரித்தார், பிறகு பயணச்சீட்டிலிருந்த தேதியைச் சொன்னார். கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. அதில் இருந்த ஒவ்வொரு விவரமும் அவர் சொன்னது.

பிறர் வாசலில் நிற்கும்போது நம் பெயரை உண்மையாகச் சொல்லும் பண்பை அல்லாஹ் நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் தருவானாக. பயணம் செல்வோரைப் பாதுகாப்பாகத் தம் குடும்பத்தாரிடம் திரும்பச் சேர்ப்பானாக. ஆமீன்.