நீரோடியும் சேறோடியும்

மருங்காபுரி சுற்றுவட்டாரத்தில் முப்பத்தைந்து வருஷம் குழாய் வேலை பார்த்தவன் நான். கூலிக்காக நான் போட்ட சண்டைகள் குறைவு. டேங்கில் ஓட்டையை எங்கே போடுவது என்பதற்காகப் போட்டவைதான் அதிகம்.

புது டேங்கை மாடியில் ஏற்றியதும் அடியிலிருந்து மூன்று அங்குலம் விட்டு டேங்க் நிப்பிளுக்கு அளவெடுப்பேன். வீட்டுக்காரர் கீழேயிருந்து வந்து எட்டிப் பார்ப்பார். "என்னப்பா, அவ்வளவு மேலே போடுறே? அடியில நிக்கிற தண்ணி வீணாத்தானே போகும்? இறக்கிப் போடு." காசு கொடுத்து வாங்கிய தொட்டியில் சில குடம் தண்ணீர் எடுக்க முடியாமல் கிடந்தால் யாருக்கும் மனசு கேட்காதுதான். ஆனால் அந்த மூன்று அங்குலம் தண்ணீருக்கு விட்ட இடம் இல்லை, சேற்றுக்கு விட்ட இடம். ஓட்டையை அடிமட்டத்துக்கு இறக்கினால் மண்ணும் பாசியும் நேராகக் குழாய்க்குள் இறங்கும். ஆறு மாதத்தில் "குழாய் அடைச்சிருச்சு" என்று போன் வரும்.

நான் இரண்டு ஓட்டை போடச் சொல்வேன். வீட்டுக்குத் தண்ணீர் போக மூன்று அங்குலம் மேலே ஒன்று. அழுக்கைத் திறந்துவிட அடிமட்டத்தில் இன்னொன்று, அதை அடைக்க ஒரு டம்மி மூடி. எங்கே படித்தாய் என்று கேட்டவர்கள் உண்டு. ஐ.டி.ஐ.யில் இதைச் சொல்லித்தரவில்லை. என் அம்மா பிறந்த ஊர்க் கண்மாயில் கற்றேன்.

மருங்காபுரிக்குத் தெற்கே, கிழக்கே போனால் அம்மா ஊர் இருக்கிற புதுக்கோட்டைச் சீமை. அங்கே பழைய கண்மாய்களில் கோடையில் தண்ணீர் வற்றியதும், கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இரண்டு கல்தூண்கள் தெரியும். குறுக்கே கல் சட்டம் கோத்து, எதையோ தூக்க நிறுத்திய கவை மாதிரி இருக்கும். அதுதான் குமிழித் தூம்பு. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய வேலை. குமிழி செய்து கொடுத்தவர்களின் பெயர்களை அந்த வட்டாரத்துக் கல்வெட்டுகளில் பார்க்கலாம். கோயிலுக்கு விளக்கு வைத்தவன் பெயரோடு, மடைக்குத் துளை போட்டவன் பெயரும் கல்லில் ஏறியிருக்கிறது. எங்கள் தொழிலுக்கு அதற்கப்புறம் அந்த மரியாதை கிடைக்கவில்லை.

தூண்களுக்கு அடியில், கண்மாயின் தரையில் ஒரு கல்தொட்டி. அதன் மூடுகல்லில் பெரிய துளை, பெயர் நீரோடி. அதில் கல் குமிழ் ஒன்று தக்கை மாதிரி உட்கார்ந்திருக்கும். ஆள் நீந்திப் போய், முங்கி, குமிழைத் தூக்கினால் தண்ணீர் உள்ளே இறங்கி, கரைக்கு அடியில் ஓடும் கால்வாய் வழியே வயலுக்குப் போகும். இது பாதிதான். தொட்டியின் பக்கவாட்டில், தரையை ஒட்டி, சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். சேறோடி என்று பெயர். மேலே தண்ணீர் இறங்கும் வேகத்தில் கீழே படிந்த வண்டலும் இழுபட்டு உள்ளே வரும். கண்மாய் தூர்வது குறையும், வயலுக்கு வண்டல் கிடைக்கும். (இந்த மடை திறக்கிற ஆளை வைத்துத்தான் 'மடையன்' என்ற வசவு வந்தது என்று சொல்வார்கள். நான் நம்பவில்லை. அந்த வேலைக்கு அறிவும் வேண்டும், உயிரைப் பற்றிய பயமும் இருக்கக் கூடாது.)

எனக்குப் பத்து வயதில் என் தாய்மாமா ஒரு சேறோடித் துளைக்குள் என் கையை விட வைத்தார். உள்ளே களிமண் குளிர்ந்து கிடந்தது. "தண்ணியை யாரும் கொண்டாந்துருவான்டா மாப்ளே, சேத்தை வெளியேத்துறவன்தான் வேலைக்காரன்" என்றார்.

எங்கள் ஊர் ஜமீன் ஊர். 1948 சட்டத்தில் ஜமீன் போனது. தண்ணீர்க் கஷ்டம் போகவில்லை. காவிரி எங்கள் பக்கம் வராது, ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு இருபுறமும் ஆறு. எங்களுக்குப் பாறையும் கிணறும்தான். 1970களின் பிற்பாதியில் யுனிசெப் உதவியோடு சென்னையில் உருவான 'இந்தியா மார்க் 2' அடிபம்பு, கோயம்புத்தூர்ப் பக்கம் சோதித்துப் பார்த்தபின், ஊர் ஊராக வந்தது. வேகமாக அடித்தால் நிறையத் தண்ணீர் வரும் என்று எங்கள் பெண்கள் அதைப் போட்டு அடித்த அடி இருக்கிறதே! நிதானமாக, முழு வீச்சில் கைப்பிடியை இறக்கி ஏற்றினால் போதும். அரைகுறையாக வேகமாக அடித்தால் சிலிண்டருக்குள் இருக்கிற தோல் வாசர்தான் தேயும்.

பிறகு போர், மோட்டார், மாடியில் கறுப்பு டேங்க். குஜராத்தின் கலோலில் 1970களில் செய்யத் தொடங்கிய பிளாஸ்டிக் தொட்டியின் பெயரே இங்கே தெருமுனைத் தொட்டி முதல் எல்லாவற்றுக்கும் பெயராகிவிட்டது. கூடவே ஒரு நம்பிக்கையும் வந்தது: பெரிய டேங்க் வைத்தால் தண்ணீர் வேகமாக வரும். வராது. ஐந்நூறு லிட்டரோ ஐயாயிரம் லிட்டரோ, வேகத்தைத் தருவது உயரம். பத்து மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோ பிரஷர். ஒரு மாடி வீட்டுக்கு அதில் பாதிகூடக் கிடைக்காது. டேங்கைப் பெரிதாக்குவதைவிட அடியில் நாலு அடி தூண் எழுப்புவது மேல்.

உப்புத் தண்ணீர்க் கதை தனி. மணப்பாறை முறுக்கின் ருசிக்கு ஊர்த் தண்ணீரின் உப்புதான் காரணம் என்பார்கள். 2023-ல் அந்த முறுக்குக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. முறுக்குக்கு நல்லதெல்லாம் குழாய்க்கு நல்லதில்லை. பழைய ஜி.ஐ. பைப்பை அறுத்துக் காட்டியிருக்கிறேன்: முக்கால் அங்குலப் பைப்பில் பென்சில் போகிற அளவுதான் வழி இருக்கும், மீதியெல்லாம் உப்பு. அதைக் கரைக்க ஆசிட் ஊற்றினால் உப்போடு துத்தநாகப் பூச்சும் போய்விடும். அப்புறம் துருதான். படிகாரம் கலக்கலைத் தெளிய வைக்கும், கரைந்த உப்பைத் தொடாது. சொட்டுகிற குழாயை முறுக்கி முறுக்கி இறுக்குவதும் ஆசிட் ஊற்றுவது மாதிரிதான். சில ரூபாய் வாசரை மாற்றாமல், அது உட்காருகிற இடத்தையே கெடுக்கிற வேலை.

எனக்கு நிஜமாகவே கோபம் வருவது கக்கூஸ் தொட்டி விஷயத்தில். "எங்க டேங்க் பதினஞ்சு வருஷமா நிறையவே இல்ல" என்று பெருமையாகச் சொல்வார்கள். அடியில் காங்கிரீட் இல்லாமல் உறை இறக்கிய குழி நிறையாதுதான். கழிவு நேராகப் பூமிக்குள் இறங்கி, பக்கத்து வீட்டு போரில் ஏறும். ஒழுங்காகக் கட்டிய தொட்டியில் சேறு படியும். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை லாரி வைத்து உறிஞ்ச வேண்டும். ஆளை இறக்கக் கூடாது. 2013 சட்டம் அதைக் குற்றம் என்கிறது, அதற்கு முன்னும் அது பாவம்தான்.

2019-ல் வந்த ஜல் ஜீவன் திட்டத்தில், ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று வீட்டுக்கு வீடு குழாய் தருகிறார்கள். வரட்டும், சந்தோஷம். தண்ணீர் வந்தால் வண்டலும் கூட வரும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை மாடிக்குப் போய் உங்கள் டேங்கின் அடியைப் பாருங்கள். டம்மி இருந்தால், தண்ணீர் கால்வாசியாக இறங்கியதும் கழற்றிவிடுங்கள். இல்லையென்றால் ஒரு பிளம்பரைக் கூப்பிட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். கழற்றும் முன் கொடியில் காயும் துணியை எடுத்துவிடுங்கள், வருகிற தண்ணீர் செம்மண் நிறத்தில் இருக்கும்.