பாட்டுக்குப் போட்ட பூட்டு

பாரதியார் பாட்டைப் பாட ஒருகாலத்தில் அனுமதி வேண்டியிருந்தது என்றால் இன்றைய மாணவர் நம்புவரோ? திரைப்படத்திலும் இசைத்தட்டிலும் அவற்றைக் கையாளும் உரிமையை ஏவி.மெய்யப்பச் செட்டியார் விலைக்கு வாங்கியிருந்தார். 1948-இல் வெளிவந்த 'பில்ஹணன்' படத்தில் டி.கே.சண்முகம் சகோதரர்கள் ஒரு பாடலைச் சேர்த்ததால் வழக்கு எழுந்தது. மக்கள் கவிஞரின் பாட்டு தனியுடைமையா என எழுத்தாளர்கள் கொதித்தனர் (நியாயமான கோபந்தான்!).

1949-இல் சென்னை அரசு உரிமைகளைப் பெற்றது. செட்டியார் விலை கேளாமலே தம் பங்கைக் கொடுத்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும். 1955-இல் பாரதி படைப்புகள் பொதுவுடைமையாயின.

1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் அவற்றை இணையத்தில் ஏற்றுவதற்கு எவரிடமும் கைகட்டி நிற்கவேண்டியிருக்கவில்லை. கிள்ளானிலோ ஈப்போவிலோ பணியாற்றும் ஆசிரியர் இன்று 'குயில் பாட்டு' முழுவதையும் அச்சிட்டு வகுப்பில் கொடுக்கலாம்.