கழியின் பாத்தியதை

கொசஸ்தலையாறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தை ஒட்டிய நெட்டுக்குப்பம் முதலிய எண்ணூர்க் குப்பங்களின் சரித்திரத்தை எழுதப் புகுவோர், அனல்மின் நிலையத்தின் புகைபோக்கியிலிருந்து தொடங்குவது வழக்கமாகிவிட்டது. ஆயினும் அந்நிலையம் எழுந்த 1970ஆம் ஆண்டுக்கு நெடுங்காலம் முன்பே, எவர் எந்நாளில் எந்நீரில் வலை கட்டலாம் என்று விதித்த நியாயமொன்று இக்கழியில் நிலவிவந்தது. அதற்குப் ‘பாடு’ என்று பெயர்.

வடக்கே பழவேற்காட்டு ஏரியில் இன்றும் வழங்கும் அம்முறைப்படி, இறால் மிகுந்து படும் இடங்களை வகுத்து, மணமாகிக் குடும்பம் நடத்தும் ஒவ்வொருவரையும் ஒரு தலைக்கட்டாக எண்ணி, நல்ல இடமும் நலிந்த இடமும் எல்லோருக்கும் சுழன்று வருமாறு முறை வைத்து, மீறியவரைப் பஞ்சாயத்தார்முன் நிறுத்துகிற இவ்வேற்பாட்டைச் சட்டம் என்றே நான் சொல்வேன். அரசியல் சாஸனத்தின் 13ஆவது ஷரத்தும், சட்டத்தின் வலிமை பெற்ற சம்பிரதாயங்களைச் ‘சட்டம்’ என்பதற்குள் அடக்கியே பேசுகிறது.

ஆயின் இத்தகைய சம்பிரதாயமுடைய மக்களில் யாரைச் சாஸனம் தனியே கருதியது? 1946 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் ஜெய்பால் சிங் முண்டா ஆதிவாசிகளுக்காக எழுந்து பேசினார். பின்னர் சாஸனத்தின் ஐந்தாம், ஆறாம் அட்டவணைகளும், பழங்குடிப் பட்டியலுக்கான 342ஆவது ஷரத்தும் பிறந்தன. அவற்றை இயற்றியோரின் கண் மலையையும் வனத்தையும் நோக்கியிருந்தது. 1965இல் லோகூர் குழு பழங்குடிக்கு வகுத்த லட்சணங்களில் ஒதுங்கிய வாழிடமும் பிறரோடு பழகக் கூசும் இயல்பும் அடங்கும். பட்டணத்தின் வாசலிலேயே மீன் விற்று ஜீவிக்கும் மக்கள் அந்த அளவுகோலுக்குள் எப்படி அடங்குவர்? தங்களைப் பழங்குடியினராக அறிவிக்கவேண்டும் என்று தமிழகத்து மீனவர் நெடுநாளாகக் கேட்டும் அது நிறைவேறவில்லை. வனத்தில் வாழ்வோருக்கு 2006இல் பாரம்பரிய உரிமைச் சட்டம் கிடைத்தது. கடற்கரையில் வாழ்வோருக்கு அத்தகைய சட்டம் இன்றுவரை இல்லை. நியூஸிலாந்திலோ, 1840ஆம் ஆண்டு வைத்தாங்கி உடன்படிக்கையில் மாவோரி மக்களுக்கு வாக்களிக்கப்பட்ட மீன்பிடி உரிமை, தாமதமாகவேனும் 1992இல் உடன்பாடாகவும் சட்டமாகவும் உருப்பெற்றது.

என் மனத்தை அதிகம் வருத்துவது இக்கழியின் இருளர் நிலை. நீரில் அமிழ்ந்து, கையால் தடவி இறால் பிடித்துப் பறியில் இடும் அவர்கள் 1950ஆம் ஆண்டு முதலே பழங்குடிப் பட்டியலில் உள்ளவர்கள். எனினும் அப்பட்டியல் அவர்களுக்குக் கழியில் ஒரு முழ நீரையும் உரிமையாக்கவில்லை. பாடு முறையிலும் அவர்களுக்குத் தலைக்கட்டு கிடையாது. ஒருவருக்குச் சம்பிரதாயம் உண்டு, பட்டியல் இல்லை. மற்றவருக்குப் பட்டியல் உண்டு, பாத்தியதை இல்லை.

இதற்கிடையே அனல்மின் நிலையச் சாம்பலும் எண்ணூர்த் துறைமுகமும் கழியைச் சுருக்கின. 2023 டிசம்பர் வெள்ளத்தில் கச்சா எண்ணெய் பரவி வலைகளும் படகுகளும் கறுத்தபோது, அரசு அளித்த தொகை நிவாரணம் என்ற பெயரிலேயே வந்தது. நீரின் பாத்தியஸ்தருக்குச் செலுத்தவேண்டிய ஈடாக அது கணக்கிடப்படவில்லை. அவ்விதம் கணக்கிடவேண்டுமானால் பாடு முதலில் அரசாங்க ஏட்டில் பதிவாகவேண்டும். பதியும்போது, வலை கட்டுவோரின் தலைக்கட்டோடு கையால் இறால் தடவுவோரின் பெயரும் அதில் ஏறவேண்டும் என்பதைக் குப்பத்துப் பெரியவர்களே முன்வந்து கேட்கவேண்டும் என்பது என் விண்ணப்பம்.